வேனை விற்று மஸில் கார் வாங்கலாமா?



ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற மாதம் என் கைக்கு வந்தது. பெயரும் ஊரும் போடவேண்டாம் என்று அவரே கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கணவர் மௌத்தாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. பலசரக்குக் கடை ஒன்று உண்டு. ஒரு மகன், இரண்டு குமர்ப்பிள்ளைகள். பதினேழு வயதில் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்த மகனுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோய்ப் போடுவதற்கு வாப்பா வாங்கி வைத்த டொல்பின் வேன் ஒன்று இருக்கிறது. அந்த வேனை விற்று, உம்மாவின் நகையிலும் கொஞ்சத்தைச் சேர்த்து, பெரிய எஞ்சின் பூட்டிய பழைய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கவேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

அவன் சொல்லும் நியாயத்தையும் அந்தத் தாயார் எழுதியிருக்கிறார். "இந்த மாதிரிக் கார்களை இனி உலகத்தில் செய்யமாட்டார்கள் உம்மா. எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்து அமெரிக்காவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது வாங்கி வைத்தால் நாளைக்குப் பவுன் மாதிரி விலை ஏறும்." இது உண்மையா மௌலவி என்பதுதான் கேள்வி.

கார் விஷயத்தை மௌலவியிடம் கேட்பதா என்று சிலர் சிரிக்கலாம். எங்கள் வகுப்பறைக்கு வந்து பார்த்தால் சிரிக்கமாட்டார்கள். ஒரு வினைச்சொல்லை உருமாற்றிச் சொல் என்றால் கூரையைப் பார்க்கும் பையன், எந்தக் கார் எத்தனை சீசீ என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவான். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நானும் கொஞ்சம் படிக்க வேண்டியதாயிற்று.

முதலில், மகன் சொல்லும் அமெரிக்கக் கதையைப் பார்ப்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

மஸில் கார் என்றால் புஜபலக் கார். சாதாரண அளவுள்ள காருக்குள் அளவுக்கு மீறிய எஞ்சினைப் பூட்டிவிட்டால் அதுதான். 1964ஆம் ஆண்டு 'பொன்டியாக் ஜீ.டீ.ஓ.' என்ற கார் வந்தது. அதன் எஞ்சின் ஏறக்குறைய 6,400 சீசீ. நம் ஊர் வீதிகளில் ஓடும் வேகன் ஆர் காரின் எஞ்சின் 660 சீசீ. பத்து வேகன் ஆர் எஞ்சின்களைச் சேர்த்துக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்! அதே ஆண்டில் ஃபோர்ட் கம்பெனியின் மஸ்டாங் வந்தது. பின்னர் டொட்ஜ் சார்ஜர், ஷெவர்லே கமாரோ என்று வரிசையாக வந்தன. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓடினாலும் யாரும் கவலைப்படவில்லை. அங்கே பெற்றோல் அவ்வளவு மலிவு.

அந்த மலிவுக் காலம் 1973 ஒக்டோபரில் முடிந்தது. இஸ்ரேலுடன் நடந்த போரின்போது, சவூதியின் மன்னர் ஃபைஸல் உட்பட அரபு நாட்டுத் தலைவர்கள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஒரு பீப்பாய் சுமார் 3 டொலருக்கு விற்ற எண்ணெய், 1974 ஜனவரிக்குள் ஏறக்குறைய 12 டொலருக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் பெற்றோலுக்கு வரிசை. வேகத்தைக் குறைத்தால் எண்ணெய் மிஞ்சும் என்று நாடு முழுவதும் மணிக்கு 55 மைல்தான் என்று சட்டம் போட்டார்கள்.

அந்த விலையேற்றம் நம் மலைநாட்டுக்கு எப்படி வந்தது என்பதை வயதான சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டுச் செலாவணி இல்லை. அரிசிக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் உலகச் சந்தையில் ஒரே நேரத்தில் விலையேற்றம். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினியால் மக்கள் இறந்தார்கள். பாணுக்கு வரிசை, மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளைச் சாப்பாடு. டெட்ரொயிட்டில் ஒருவன் தன் பெரிய காரை விற்றுச் சின்னக் காருக்கு மாறிய அதே மாதத்தில், லயத்தில் ஒரு தாய் உலை வைக்க அரிசியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் விலை எல்லோரையும் தொடும். தொடுகிற இடம்தான் ஆளுக்கு ஆள் வேறு.

இதன் பிறகுதான் மகன் சொல்லும் சட்டம் வந்தது. 1975இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய அந்தச் சட்டம் கார் வாங்குபவரைப் பிடிக்கவில்லை, செய்கிற கம்பெனியைப் பிடித்தது. எப்படியென்றால், நம் கடைக்காரர் பத்து வகை அரிசி விற்கிறார், ஆனால் விற்ற அரிசி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி விலை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று சொல்வது போல. விலைகூடிய அரிசியை விற்கலாம், அதற்கு ஈடாக மலிவு அரிசியையும் நிறைய விற்றாகவேண்டும். அப்படித்தான் ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் விற்கும் எல்லாக் கார்களின் சராசரியும் 1978இல் கலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 மைல் என்று இலக்கு வைத்தார்கள். நம் கணக்கில் லீற்றருக்கு ஏழரைக் கிலோமீட்டரிலிருந்து பதினொன்றரைக்கு மேல். தவறினால் அபராதம். இது போதாதென்று, அதிகமாகப் பெற்றோல் குடிக்கும் காருக்குத் தனி வரி போடும் சட்டம் 1978இல் வந்தது. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்த வரி கார்களுக்கு மட்டும்தான். பெரிய ஜீப் வகைகளுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் இல்லை. விளைவு, புஜபலக் கார் வீட்டு முற்றத்திலிருந்து இறங்கியது. அதைவிடக் கனமான ஜீப் அதே முற்றத்தில் ஏறி நின்றது.

1974இல் பொன்டியாக் ஜீ.டீ.ஓ. நின்றுபோனது. மஸ்டாங் காரைக் கூட அந்த ஆண்டு சின்ன எஞ்சினோடுதான் விற்றார்கள். "பெரிய எஞ்சினின் காலம் முடிந்தது" என்று அன்றைக்கே எல்லோரும் பேசினார்கள். முடிந்ததா? இல்லை. கார்புரேட்டர் போய், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து தெளிக்கும் முறையும் கம்ப்யூட்டரும் வந்தன. எட்டு சிலிண்டர் எஞ்சினில், சமதரையில் சும்மா ஓடும்போது நாலு சிலிண்டரைத் தானாக ஓய்வெடுக்கச் செய்யும் வித்தையும் வந்தது. பழையபடி பெரிய எஞ்சின்கள் கடைக்குத் திரும்பின. 2023இல் டொட்ஜ் கம்பெனி விற்ற ஒரு காருக்கு 1,025 குதிரைவலு!

அதே 2023 டிசம்பரில் எட்டு சிலிண்டர் பூட்டிய சார்ஜரும் சலஞ்சரும் செய்வதை அந்தக் கம்பெனி நிறுத்தியது. கமாரோவும் ஏறக்குறைய அப்போதே நின்றது. எட்டு சிலிண்டரோடு மஸ்டாங் மட்டும் மிஞ்சியது. மகன் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். சார்ஜர் என்ற பெயரில் அடுத்து வந்தது மின்சாரக் கார். மின்சாரக் காருக்குச் சத்தம் கிடையாதே, என்ன செய்வது? பழைய எஞ்சின் உறுமுவது போலச் சத்தம் போட ஒரு கருவியைப் பூட்டி விற்றார்கள். பசியில்லாதவன் ஏப்பம் விட்டுக் காட்டுவது போல! வாங்குபவர்கள் அவ்வளவாக ஏமாறவில்லை. கம்பெனி பெற்றோல் எஞ்சின் பூட்டிய சார்ஜரையும் கொண்டுவந்தது.

ஆனால் மகன் சொல்லாமல் விட்ட மறுபாதி இதுதான். 2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய ஒரு சட்டம், இலக்கைத் தவறவிடும் கம்பெனிகளுக்கான அபராதத்தைப் பூச்சியமாக்கிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இலக்குகளையே கீழே இறக்கும் யோசனையையும் அந்நாட்டு அரசாங்கம் முன்வைத்தது. கைவிட்ட எட்டு சிலிண்டர் எஞ்சினை 2025இலேயே மறுபடி பிக்கப் வண்டிகளில் பூட்ட ஆரம்பித்தார்கள். ஆகவே 'இனிச் செய்யவே மாட்டார்கள்' என்பது 1974இலும் பிழைத்தது, இந்தத் தடவையும் ஆட்டம் காண்கிறது. ஒரு தேர்தலுக்கு ஏறி அடுத்த தேர்தலுக்கு இறங்குகிற சட்டத்தை நம்பி ஹட்டனில் ஒரு விதவைத் தாய் நகையைக் கழற்றலாமா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். கம்பெனிகளின் சராசரியைப் பார்க்கும் சட்டம் இங்கே இல்லை. நாம் காரை வாங்குகிற நாடு, செய்கிற நாடு அல்ல. இங்கே சட்டம் பிடிப்பது வாங்குபவரின் மடியை. எஞ்சினின் சீசீ கணக்கில் வரி. எஞ்சின் பெரிதாகப் பெரிதாக ஒரு சீசீக்கு உள்ள வரியும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் நம் வீதிகளில் சின்ன எஞ்சின்களும் ஹைபிரிட் கார்களும் நிறைந்தன. ஆனால் சீசீ என்பது எஞ்சினின் வயிற்றளவுதானே தவிர, அது எவ்வளவு குடிக்கும் என்பதல்ல. வயதான 1,300 சீசீ கார் ஒன்று புதிய 1,500 சீசீ ஹைபிரிட்டைவிட அதிகம் குடிக்கும்.

உண்மையில் நம் வீட்டுப் பெற்றோல் செலவைக் குறைத்த சட்டம் கொழும்பில் எழுதப்பட்டதல்ல, ஜப்பானில் எழுதப்பட்டது. அங்கே 1999இல் நடைமுறைக்கு வந்த 'டொப் ரன்னர்' முறையில், ஒவ்வொரு வகையிலும் எண்ணெயை மிகக் குறைவாகக் குடிக்கும் வண்டி எதுவோ அதையே அளவுகோலாக வைத்தார்கள். குறித்த ஆண்டுக்குள் மற்றக் கம்பெனிகளும் அந்த அளவுக்கு வந்தாகவேண்டும். வகுப்பில் முதலாம் பிள்ளையின் புள்ளியை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலக்காக வைப்பது போல. ஒரு வாத்தியாராக எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. அப்படி வளர்ந்த கார்கள்தான் சில வருடம் ஓடிவிட்டு அக்குவா என்றும் ஃபிட் என்றும் பிரியஸ் என்றும் நம் ஊருக்கு வந்தன. பற்றரி பழுதானால் பல இலட்சம் போகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எண்ணெயில் மிஞ்சியது முழுவதும் அங்கே போய்விட்ட வீடுகளும் உண்டு.

வாகனம் என்றால் விலை ஏறும் பொருள் என்ற எண்ணம் நம் இளைஞர்களுக்கு எங்கிருந்து வந்தது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் கதவு திறந்தது. இந்த ஐந்து வருடங்களில் நாட்டுக்குள் இருந்த பழைய வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறியது. வாங்கிய விலையைவிட இரண்டு மடங்குக்கு விற்றவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். காரணம் எஞ்சினின் பெருமை அல்ல, புதிய வண்டி வராததுதான். ஒரு வர்த்தமானி அறிவித்தலில் ஏறிய விலை இன்னொரு அறிவித்தலில் இறங்கும். இதைப் பவுனோடு ஒப்பிடுவது சரியல்ல. பவுன் பெட்டியில் சும்மா இருக்கும். கார் சும்மா நின்றாலும் பற்றரி இறங்கும், டயர் வெடிக்கும், நம் மலைநாட்டு மழைக்குக் கதவின் அடிப்பாகம் துருப்பிடிக்கும்.

சரி, ஓட்டினால்? அதற்கு 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதத்தில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. எண்ணெய் வரிசையில் நின்றே உயிர்விட்ட முதியவர்கள் உண்டு. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எண்ணெய் இல்லை என்றே அறிவித்தார்கள். வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூனில் 470 ரூபா. தோட்டத் தொழிலாளிக்கு 2021இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,000 ரூபா. அதாவது நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் இரண்டு லீற்றருக்குத்தான் காணும். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. அது காரில் ஊற்றுகிற எண்ணெய் அல்ல, குப்பி விளக்கில் ஊற்றுகிற எண்ணெய்.

ஜூலையில் 'கியூ ஆர்' முறை வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40. நான் கண்ட அளவில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த மிகக் கடுமையான எரிபொருள் சிக்கன விதி இதுதான். 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி அதை நீக்கும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் தன் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பது தெரிந்திருந்தது. 20 லீற்றரில், லீற்றருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சின்னக் கார் 300 கிலோமீட்டர் போகும். நம் ஏற்றத்தில் லீற்றருக்கு 6 மட்டுமே ஓடும் பெரிய எஞ்சின் 120 கிலோமீட்டர் போகும். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்விடலாம், திரும்பி வர முடியாது! அந்த நாட்களில் பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்களின் கார்கள் தார்ப்பாய் போர்த்தி நின்றன. இந்த விதியிலும் ஓர் அநியாயம் இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். நாள் முழுக்க ஓடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் முச்சக்கர வண்டிக்கு 5, வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்கு 20. வண்டியை அளந்தார்களே தவிர, தேவையை அளக்கவில்லை. பின்னால் கொஞ்சம் திருத்தினார்கள்.

மலைக்கு வேண்டிய பலம் எது என்பதையும் யோசிக்கவேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று லேசானது. காற்று குறைந்தால் எஞ்சினின் மூச்சும் குறையும். டர்போ இல்லாத எஞ்சின், கொழும்பில் காட்டும் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை நுவரெலியாவில் இழந்துவிடும். "டர்போ இருந்தால் அவ்வளவு குறையாது" என்று மகன் சொல்லக்கூடும். அது சரிதான். ஆனால் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் உள்ள வளைவுகளில் அந்தப் பலத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? மூன்றாம் கியருக்கு மேல் போடக் கிடைத்தாலே பெரிய விஷயம். கொழுந்து லொறியும், பிள்ளைகளை நிறைத்துக்கொண்டு ஏறும் பஸ்ஸும் வேகத்தில் அல்ல, கனத்தை மெதுவாக இழுக்கும் பலத்தில்தான் இங்கே பிழைக்கின்றன.

வேகத்தின் மேல் இளவயதில் வரும் ஆசையை நான் குறைசொல்ல வரவில்லை. அந்த ஆசைக்கும் நம் மலையில் இடம் இருக்கிறது. நுவரெலியா மஹாகஸ்தொட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப் பந்தயம் ஏப்ரல் வசந்த காலத்தில் நடந்துவருவது உங்களுக்குத் தெரியும். வீதியை அடைத்து, ஒருவர் பின் ஒருவராக ஏறுகிறார்கள். பெரிய எஞ்சினுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டால், அந்த மாதிரி இடத்தில் உண்டு என்பேன். குதிரை வண்டி போன பிறகும் நுவரெலியாப் பந்தயத் திடலில் குதிரை ஓடவில்லையா? அங்கேயும் அஜாக்கிரதை கூடாது. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளருக்குள் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பந்தயத் திடலிலேயே அப்படியென்றால், இரவு பத்து மணிக்கு சைலன்சரை வெட்டிவிட்டு பஸார் வழியாக உறுமிக்கொண்டு போவதை என்னவென்று சொல்ல? அதிகாலையில் கொழுந்து பறிக்க எழும்பவேண்டிய மனிதர்கள் வீதியோர லயத்தில் படுத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தாயாருக்கு நேரடியாகச் சொல்கிறேன்.

வேனை விற்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், வேன் யாருடையது என்று கேளுங்கள். அது மௌத்தானவரின் சொத்து. ஆறு வருடமாகப் பங்கு பிரிக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. உங்கள் கணவரின் பெற்றோர் அவருக்கு முன்பே மௌத்தாகி, கடன் ஏதும் இல்லாவிட்டால், அந்த வேனை 32 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். மனைவியாகிய உங்களுக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 பங்கு. மிச்சம் 28இல் மகனுக்கு 14, மகள்மார் இருவருக்கும் தலா 7. அரைவாசிக்கும் குறைவான பங்கை வைத்துக்கொண்டு முழு வேனையும் விற்க மகனுக்கு உரிமையில்லை. நீங்கள் இரக்கப்பட்டுச் சம்மதித்தாலும், மகள்மாரின் பங்கை விட்டுக்கொடுக்க உங்களுக்கும் உரிமையில்லை. நகை உங்களுடையது, அது உங்கள் விருப்பம். ஆனால் குமர்ப்பிள்ளைகள் இருவர் இருக்கும் வீட்டில் அந்த நகைக்கு வேறு வேலையும் காத்திருக்கும்.

அரபு மொழியில் ஒரு சின்ன விஷயம். 'ஸர்ஃப்' என்ற சொல்லை ஸாத் எழுத்தால் எழுதினால் செலவழித்தல் என்று பொருள் வரும். 'இஸ்ராஃப்' என்ற வீண்விரயத்தை ஸீன் எழுத்தால் எழுதவேண்டும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ஸகரம்தான். சில வீடுகளில் கணக்குக் கொப்பியும் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் மனத்தாங்கல் இல்லாமல் கேளுங்கள். மகனுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்களா? பதினேழு வயதிலிருந்து அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். காசு அவன் கையால்தான் போகிறது, வருகிறது. ஆனால் இது என்னுடையது என்று சொல்ல ஒரு ரூபாவும் இல்லை. நம்மவர்களின் கடைகளில் இது சர்வசாதாரணம். வெளியாளுக்கு மாதம் முடிந்தால் சம்பளம், மகனுக்குச் சாப்பாடும் உடுப்பும்! பெரிய எஞ்சின் மேல் வந்த பிடிவாதத்தில் பாதி, தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற தவிப்பாகவும் இருக்கலாம். கடைக் கணக்கைப் பார்த்து, அவனுடைய பங்கை எழுதிக் கொடுத்து, மாதச் சம்பளமும் வையுங்கள். அதைச் சேர்த்து, லீசிங் வட்டிக்குப் போகாமல், இரண்டு மூன்று வருடத்தில் தன் பெயரில் ஒரு கார் வாங்கட்டும். எந்தக் கார் என்பதை அப்போது அவனே தீர்மானிக்கட்டும். தன் காசில் பெற்றோல் அடிக்கிறவனுக்கு சீசீ கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வேன் இருக்கப்போகிறது என்றால் அதன் எண்ணெய்க் கணக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். இது பெண்களுக்குச் சுலபம். டாங்கை நிறைத்துவிட்டு மீற்றரில் உள்ள கிலோமீட்டரைக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை மறுபடி நிறைக்கும்போது எத்தனை லீற்றர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்துப் பிரித்தால் தெரிந்துவிடும். நாலைந்து தடவை எழுதினால் வண்டியின் வழக்கம் பிடிபடும். திடீரென்று குறைந்தால் டயரில் காற்று, பிரேக் இறுகிப் பிடிப்பது, அடைபட்ட ஃபில்டர் என்று பாஸிடம் காட்டலாம். வாகனப் புகைப் பரிசோதனை 2008இலிருந்து நடக்கிறது. கறுப்புப் புகை கக்கும் வண்டி எண்ணெயையும் கக்குகிறது என்றே அர்த்தம்.

ஒரே ஒரு சிக்கனம் மட்டும் வேண்டாம். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு, சிலர் எஞ்சினையே நிறுத்தி, வண்டியைச் சும்மா உருளவிடுவது. நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது இதைச் செய்கிற சாரதிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் மிச்சமாம்! இன்றைய பெற்றோல் கார்களில் கியரில் இருந்தபடியே காலை எடுத்தால் எஞ்சினுக்கு எண்ணெய் போவது தானாக நின்றுவிடும். டீசல் வண்டியிலும் அப்படித்தான். நியூட்ரலில் போட்டால்தான், எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் என்று செய்வது உண்மையில் செலவு. அதைவிட, எஞ்சின் பிடித்து நிறுத்தவேண்டிய கனம் முழுவதும் பிரேக்கில் விழுகிறது. பிரேக் சூடேறினால் பிடிக்காது. எஞ்சினையே நிறுத்தினால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் அது இழுத்துப் பிடிப்பதும் குறைந்துவிடும். அதற்காகத்தான் கியர்த் தண்டில் 'பீ' என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து வேன் ஒன்றிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தை நான் இங்கே பேசவில்லை. அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன். மகனோ கணவரோ ஓட்ட, நீங்கள் முன் ஆசனத்தில் உட்கார்ந்து மலை இறங்கும்போது எஞ்சின் சத்தம் திடீரென்று தணிந்து வண்டி வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிந்தால், பேச்சை நிறுத்திவிட்டு அவருடைய இடது கையைப் பாருங்கள். தண்டு நடுவில் நின்றால் மூன்றாம் கியருக்கோ இரண்டாம் கியருக்கோ போடச் சொல்லுங்கள்.